அழைப்புக் கடிதம் யார் பெயருக்கு?

முகாமுக்கு நாள் குறிப்பதற்கு முன்பே சுவரொட்டி தயாராகிவிட்டது. அதை வடிவமைத்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல சுவரொட்டிதான். களச் செயல்பாட்டாளர்களுக்கான இரண்டு நாள் தொழில்நுட்பக் கூடுகை, கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலை, கட்டணம் இல்லை, உணவு உண்டு. கீழே எட்டு அமர்வுகள்: மறையாக்கம் (செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது), திறந்த தரவு, நிலவரைபடம், சமூக ஊடக உத்தி, செயற்கை நுண்ணறிவு என்று போகிறது. கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர் ராத்திரி கண்விழித்து எழுதி அனுப்பியது. அமர்வுகள் பற்றி எனக்குப் பெரிய புகார் ஒன்றும் இல்லை. என்னை உறுத்தியது அதோடு வந்த இன்னொரு தாள், அதாவது அழைக்க வேண்டியவர்களின் பட்டியல். தலைவர், செயலாளர், ஒருங்கிணைப்பாளர், மாவட்ட அமைப்பாளர், மறுபடியும் தலைவர். எல்லாரையும் எனக்குத் தெரியும். மதிக்கத்தக்கவர்கள்; சிலர் சிறைக்கும் போய் வந்தவர்கள். ஆனால் ஒருவர்கூட என் கடையில் உட்கார்ந்து ஒரு மனுவைத் தட்டச்சு செய்து வாங்கிப் போனதில்லை.

எனக்கு டிடிபி கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் அளவுப் படம், தமிழிலும் மலையாளத்திலும் மனு. கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இருபுறமும் எனக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகள் வருவார்கள். இங்கே கேரளத்தில் சித்தூர் தாலுகாத் தமிழர்கள். போராட்டம் என்றால் முதல் செலவு எனக்குத்தான் வரவு, அதனால் இந்த வட்டாரத்தில் எந்தச் சங்கத்தில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது ஓரளவு தெரியும். கடைக்கு வருகிறவர்கள் வேறு ஆட்கள். செயலாளரின் மருமகள், பால் சங்கத்தில் கணக்கு எழுதும் பையன், ஓர் ஆட்டோ ஓட்டுநர், தொழிலுறப்பு வேலையில், அதாவது தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்பதில், மேட்டாக (வேலைத்தளத்தில் ஆள் கணக்கு எடுப்பவராக) இருக்கும் அக்கா. தலைவர் அனுப்பிய குரல் பதிவைப் போனில் ஓடவிடுவார்கள். பின்னணியில் டீக்கடைச் சத்தமும் பஸ் ஹாரனுமாக அது ஓடும். அதைக் கேட்டு, ‘மாண்புமிகு’ என்று தொடங்கி ‘ஆவன செய்யுமாறு’ என்று முடிப்பது நாங்கள் இரண்டு பேரும்தான். இணையதளத்தில் மனுவை ஏற்றும்போது வரும் ஓடிபி அவர்களுடைய எண்ணுக்கு வரும். கடவுச்சொல் அவர்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். வாட்ஸ்அப் குழுவை உருவாக்கியதும் அதில் ஆள் சேர்ப்பதும் அவர்கள். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவரைக் குடும்பப் படம் எடுக்கும்போது யாரும் கூப்பிடுவதில்லை அல்லவா, அதே கதைதான்.

பட்டியலைப் பார்த்ததும் நண்பரிடம் கேட்டேன்: இவர்களுக்கு மறையாக்கம் சொல்லிக் கொடுத்தால் திங்கட்கிழமை யார் செய்வது? அவர் சொன்ன பதிலும் நியாயமாகத்தான் இருந்தது. “தலைவர்கள் ஒப்புக்கொண்டால்தானே அண்ணா அமைப்பில் மாற்றம் வரும்?” அன்று பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. எனக்கு மட்டும் நிற்கவில்லை.

வார இறுதி யாருக்கு இருக்கிறது?

அதற்கு முன் நாள் குறிக்கும் சண்டை. சனி, ஞாயிறு என்று நண்பர் மிகச் சாதாரணமாக எழுதிவிட்டார். ஐந்து நாள் வேலை பார்க்கிறவருக்குச் சனிக்கிழமை விடுமுறை. மேட் அக்காவுக்குச் சனிக்கிழமை வேலை நாள். வேலைத்தளத்தில் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம், இரண்டும் நேரமும் இடமும் பதிவாகி அரசின் செயலியில் ஏற வேண்டும். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயன்பெறும் பணிகள் தவிர, எல்லா வேலைத்தளங்களுக்கும் இது கட்டாயமாகிவிட்டது. படம் ஏறவில்லை என்றால் அன்றைய கூலியே கேள்விக்குறி. கேரளத்தில் இந்த மேட் வேலையைப் பெரும்பாலும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்கள்தான் பார்க்கிறார்கள். மேட் தன்னுடைய சொந்தப் போனில், சொந்த டேட்டாவில் செய்கிறார். 2025-26ஆம் ஆண்டுக்குக் கேரளத்தில் நாள் கூலி 369 ரூபாய், நம் வேலிக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 336. முப்பது சொச்சம் பெண்களின் அந்தப் பணம் ஒருவருடைய போனில் தொங்குகிறது. அவரைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து ‘டிஜிட்டல் பாதுகாப்பு ஓர் அறிமுகம்’ கேளுங்கள் என்று எப்படிச் சொல்வது?

ஞாயிறு காலை என்றால் எங்கள் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குத் திருப்பலி. சுல்தான்பேட்டை மறைமாவட்டம் என்று 2013இல் தனியாகவே ஒன்று பிரித்திருக்கிறார்கள் என்றால் எண்ணிக்கையைப் புரிந்துகொள்ளலாம். முகூர்த்த ஞாயிறு என்றால் யாரும் வரமாட்டார்கள், அதில் மத பேதம் கிடையாது. முதலமடைப் பக்கம் மாங்காய் இறங்கும் மாதங்களில் கூப்பிட்டால் வாசகசாலை நூலகரும் நானும் மட்டும் உட்கார்ந்திருப்போம். தமிழ்நாட்டுப் பக்கத்து ஆண்களை வரவழைப்பது மட்டும் சுலபம், ஞாயிற்றுக்கிழமை சித்தூர்ப் பக்கம் வருவதற்கு அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு காரணம் உண்டு. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பிற்பகல் அமர்வுக்கு அவர்கள் திரும்பி வருவார்களா என்பதற்கு நான் பொறுப்பேற்க முடியாது என்று கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள். நான் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

இரவு தங்குவது இன்னொரு கதை. கோவை நண்பரின் திட்டத்தில் சனி இரவு எல்லாரும் ஒன்றாகத் தங்கி, பேசி, பாட்டுப் பாடுவார்கள். கல்லூரிக் காலத்து நினைவாக இருக்கலாம். செயலாளரின் மருமகள் இரவு தங்க வேண்டும் என்றால் மாமனார், மாமியார், கணவன், குழந்தையின் காய்ச்சல் என்று நான்கு பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆக, சனிக்கிழமை பிற்பகல் படம் ஏறிய பிறகு, மாலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடிப்பது, ஞாயிறு திருப்பலி முடிந்து பத்தரைக்குக் கூடி, பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க வசதியாக நாலரைக்குக் கலைவது என்று ஆனது. இரண்டு நாள் என்று சுவரொட்டியில் இருப்பது உண்மையில் ஒரு நாளும் ஒரு மாலையும். எனக்கு இதில் வருத்தம் இல்லை. நீண்ட முகாம்களில் முதல் ஒரு மணி நேரம் வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் போவதைப் பார்த்தவன் நான். நேரம் குறைவாக இருந்தால் பொன்னாடை தானாக உதிர்ந்துவிடும்.

இரண்டு மாநிலம், ஒரு கூடம்

எல்லைப் பகுதியில் கூட்டம் போடுகிறவர்களுக்கு மட்டும் புரியும் தொல்லைகள் உண்டு. தகவல் உரிமைச் சட்டம் 2005 இரு பக்கமும் ஒன்றுதான், பத்து ரூபாயும் முப்பது நாளும் ஒன்றுதான். ஆனால் விண்ணப்பம் ஏற்றும் தளம் வேறு, நிலப் பதிவேட்டின் பெயர்கள் வேறு. அங்கே பட்டா, சிட்டா, அடங்கல். இங்கே கரம் கட்டிய ரசீது, தண்டப்பேர். அங்கே இ-சேவை மையம், இங்கே அட்சயா. ஒரே அமர்வில் இரண்டையும் சொன்னால் பாதிப் பேர் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மொழி இன்னொரு பக்கம். கேரளத்து ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். நடப்பில் பெரும்பாலும் பதில் மலையாளத்தில்தான் வருகிறது. மேட் அக்கா அதைப் போன் கேமராவில் காட்டித் தமிழில் படித்துக்கொள்கிறார். செயற்கை நுண்ணறிவு பற்றி நண்பர் தனி அமர்வு போட்டிருந்தாரே, அதற்குள் பாதியை அக்கா யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்துகொண்டிருக்கிறார்.

எழுத்துருவைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அது என் தொழில். எங்களைப் போன்ற கடைகளில் இன்னமும் பேஜ்மேக்கர் மென்பொருளும் பாமினி எழுத்துருவும்தான் ஓடுகின்றன. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பேஜ்மேக்கருக்குத் தெரியாது. அச்சில் மனு அழகாக வரும். அதையே எடுத்துத் தமிழ்நாடு அரசின் மனுத் தளமான ‘முதல்வரின் முகவரி’யில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பழைய சங்கங்களின் இருபது வருடத் தீர்மானங்கள், துண்டறிக்கைகள் எல்லாம் இப்படிப் பென்டிரைவில் படிக்க முடியாமல் கிடக்கின்றன. மாற்றித் தரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, அரை மணி நேர வேலை. இதை ஓர் அமர்வாக வைக்கச் சொன்னேன். ‘இது ரொம்ப அடிப்படையாக இருக்கிறதே’ என்றார் நண்பர். அடிப்படை என்பதால்தானே வைக்கச் சொல்கிறேன்.

அணைகளின் நீர்மட்டத் தகவலைத் திறந்த தரவாக எடுத்து வரைபடம் போடலாம் என்று ஒருவர் சொன்னார். நல்ல யோசனைதான், நானே தடுத்தேன். பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி விட வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் அந்த எண்ணை வைத்துத்தான் இரு பக்கமும் சண்டை. ஆனைமலை விவசாயியும் சித்தூர் விவசாயியும் ஒரே பெஞ்சில் உட்காரும் அபூர்வமான ஞாயிற்றுக்கிழமையில் அந்த வரைபடத்தைத் திரையில் போட்டால் மதியச் சோற்றுக்கு முன்பே கூட்டம் இரண்டாகிவிடும். இரு பக்கத்துக்கும் பொதுவான எரிச்சல் ஒன்று இருக்கிறது, அதை வைத்துக்கொள்வோம் என்றேன். அது ராத்திரி லாரிகள். கிழக்கிலிருந்து கல்லும் எம்-சாண்டும் மேற்கே போகும். மேற்கிலிருந்து கோழிக்கழிவும் ஆஸ்பத்திரிக் குப்பையும் கிழக்கே வரும். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய கேரள மருத்துவக் கழிவு, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு லாரி ஏறித் திரும்பிப் போனதை எல்லாரும் பார்த்தோம். எங்கள் பக்கத்துக் குப்பை அவ்வளவு புகழ் பெறவில்லை.

அழிந்த படங்கள்

திட்டமிடும் கூட்டம் ஒன்று என் கடையில் நடந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். ஆனைமலைப் பக்கத்து விவசாயிகள் சங்கத்து அண்ணன் வந்திருந்தார். அறுபது தாண்டியவர், இந்த வட்டாரத்தில் அவர் பேசாத மேடை இல்லை. மேட் அக்காவை நான்தான் வற்புறுத்தி வரவழைத்திருந்தேன். அழைப்புப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தேநீர் வாங்கிக் கொடுக்க வந்தவர் என்று கோவை நண்பர் முதலில் நினைத்துவிட்டார்.

பேச்சுக்கு நடுவில் அண்ணன் குப்பை விவகாரத்தைத் தொட்டார். எல்லைக் கோடு இங்கே வயலுக்கு நடுவில் போகிறது. இந்தப் பக்கம் கால்வாய்க் கரையில் தொழிலுறப்பு வேலை நடந்தபோது அந்தப் பக்கத்துத் தரிசில் ஒரு லாரி கொட்டிவிட்டுப் போனதை அக்கா தன் போனில் படம் எடுத்திருந்தார். வண்டி எண், சிரிஞ்சுகள், கால்வாய் நீர், எல்லாம் தெளிவாக இருந்தன. குழுவில் போட்டதும் நூறு பேர் பார்த்தார்கள், அண்ணன் அதை வைத்துப் பத்திரிகையாளர்களிடம் பேசினார். இப்போது தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம் என்றதும், வழக்கறிஞர் அசல் படங்களைக் கேட்டிருக்கிறார்.

“அம்மிணி, அந்தப் படங்களை வக்கீலுக்கு அனுப்பிவிடு” என்றார் அண்ணன்.

“இல்லை அண்ணா, அழித்துவிட்டேன்.”

யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அக்காவே சொன்னார். ஒரு நாள் பிற்பகல் படம் எடுக்கப் போனால் போனில் இடம் இல்லை என்று வந்திருக்கிறது. மேகம் கறுத்து நின்றது, மழை பிடித்தால் பெண்கள் கலைந்துவிடுவார்கள், ஆள் நிற்காமல் படம் எடுக்க முடியாது. அவசரத்தில் கேலரியைத் திறந்து, பெரிதாக இருந்த படங்களாகப் பார்த்து அழித்திருக்கிறார். அன்றைய கூலி எல்லாருக்கும் ஏறிவிட்டது.

“யாரைக் கேட்டு அழித்தாய்?” அண்ணன் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“எடுக்கும்போதும் யாரையும் கேட்கவில்லையே அண்ணா.”

அந்தப் பதிலை நான் இன்னும் உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்கா அதை எதிர்த்துப் பேசும் குரலில் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அதன்பின் போனை மேஜை மேல் வைத்து எங்களுக்கே காட்டினார். வேலைக்கு வரும் பெண்களின் ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வேலை அட்டை, இரண்டு மூன்று ரேஷன் கார்டு, மனுக்களின் படிகள், பஞ்சாயத்து ரசீதுகள். இடையிடையே ரோஜாப்பூவும் காலை வணக்கமும், பையன் இறக்கிய விளையாட்டு வீடியோக்களும். திரைப் பூட்டின் கோலம் அந்தப் பையனுக்குத் தெரியும், எதிர்வீட்டுப் பையனுக்கும் தெரியும். ஓர் ஊரின் அமைப்பு முழுவதும், அதன் அலுவலகம், பதிவேடு, சாட்சியம் எல்லாம், அந்த ஒரு கேலரிக்குள் இருந்தது. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது என்று தினமும் தீர்மானிக்கிறவர் அவர். நாங்கள் எட்டு அமர்வுகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தோம்.

குழுவில் படங்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும், எப்போது எங்கே எடுத்தது என்ற உள்விவரமும் போய்விடும். அதையே ஆவணமாக அனுப்பினால் அசல் அப்படியே போகும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் போதும், நூறு பேர் போனிலும் அசல் இருந்திருக்கும். தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல, அதன் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. என்றாலும் ‘இது எந்த வருடத்துப் படம், எந்த ஊர்க் குப்பை’ என்று எதிர்த்தரப்பு கேட்காமல் விடாது. குற்ற வழக்காகப் போனால் இன்னும் கறார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் படியோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பிலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும், கைரேகை போன்ற அடையாளம்) அதில் குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பதுதான் அதன் பயன். அந்தச் சான்றிதழில் கையெழுத்திட வேண்டியவர் யார் என்பதையும் சட்டமே சொல்கிறது: கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அல்லது அதோடு தொடர்புள்ள செயல்பாடுகளை நிர்வகிப்பவர், எது பொருந்துமோ அவர், கூடவே ஒரு நிபுணர். நான் முதல் பாதியைப் படித்துக் காட்டினேன். அண்ணன் உடனே இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்ததிலும் தப்பில்லை.

என் கடையிலிருந்து பிளாச்சிமடை தூரமில்லை. 2002 ஏப்ரல் 22இல் அங்கே கோகோ கோலா ஆலைக்கு எதிராகப் போராட்டம் தொடங்கியபோது ஆதிவாசிக் காலனியில் யார் கையிலும் கேமரா போன் கிடையாது. போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மா கிணற்றுத் தண்ணீரைச் சாட்சியாகக் காட்டினார். 2003இல் பெருமாட்டிப் பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010இல் அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. 2011 பிப்ரவரியில் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அது குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமலே திரும்பி வந்தது. ஆலை நின்று இருபது ஆண்டு கடந்தும் யாராவது இழப்பீடு என்று எழுந்தால் கையில் வேண்டியது அந்த நாட்களின் தாள்கள்தான்: பஞ்சாயத்துத் தீர்மானம், நீர்ப் பரிசோதனை அறிக்கை, மருத்துவச் சீட்டு. பரணில் தகரப் பெட்டியில் போட்டு வைத்தவர்களிடம் அவை இருக்கும். இப்போதைய போராட்டங்களின் தகரப் பெட்டி பத்தாயிரம் ரூபாய்ப் போன் ஒன்று. அதில் பையன் விளையாட்டு ஆடுகிறான்.

அண்ணனின் வாதம்

இதற்குப் பிறகு அழைப்புப் பட்டியலை மாற்றுவது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். அண்ணன் விடவில்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் போன பின்பும் உட்கார்ந்திருந்தார். “தம்பி, நீ சொல்வது சரி. ஆனால் ஒன்றைக் கேள்” என்று தொடங்கினார். ஒரு மறியலில் அவர்களைப் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் அடைத்திருக்கிறார்கள். வழக்கம்போல மதியம் சாம்பார் சோறு, மாலை ஆறு மணிக்கு விடுதலை. நடுவில் ஓர் அதிகாரி அவருடைய போனைக் கேட்டு வாங்கியிருக்கிறார். பூட்டு என்று எதுவும் இல்லை. அடுத்த வாரம் குழுவில் இருந்த சிலரின் வீட்டுக்கு ஆள் போய் விசாரித்திருக்கிறது. “அந்தக் குழுவில் யாரைச் சேர்க்கலாம், எதை எழுதலாம் என்று சொன்னது நான். என் மருமகள் தட்டினாள், அவ்வளவுதான். பின்னால் அந்த வீடுகளுக்குப் போய்ப் பதில் சொன்னதும் நான். பயம் எதற்கு, எங்கே என்று தெரிந்தவனை வெளியே நிறுத்திவிட்டு, விரல் யாருடையது என்று பார்த்துக் கூப்பிடுகிறாயே.”

இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. கைரேகைப் பூட்டைவிட எண் பூட்டு நல்லது, குழுவில் செய்தி தானாக மறையும்படி அமைக்கலாம், வாட்ஸ்அப் 2016 முதல் முழுமையாக மறையாக்கம் செய்யப்பட்டது என்றாலும் திறந்த போனை நீட்டினால் அது எதற்கும் உதவாது என்றெல்லாம் நான் சொல்லலாம். சொன்னேன். ஆனால் அவர் கேட்டது அது அல்ல. யாருடைய வீட்டுக்கு ஆள் போகும் என்ற கணக்கை மேட் அக்கா தனியாகப் போட முடியாது. போட வேண்டிய சுமையை அவர் தலையில் ஏற்றுவதும் சரியில்லை. அதே சமயம் அண்ணன் மட்டும் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனால், அந்தக் குறிப்பு குரல் பதிவாகி மறுபடியும் மருமகளுக்கு வரும். வாசகசாலையில் இருப்பது நாற்பது நாற்காலிகள். சுவிட்ச் போர்டு மூன்று, அதில் ஒன்றில் மின்விசிறி.

கடைசியில் செய்தது இது. ஒவ்வோர் அமைப்புக்கும் இரண்டு இடம். கடிதம் போனைக் கையாளுகிறவர் பெயருக்கு. ‘தங்கள் அமைப்பின் தலைவரோடு வருமாறு’ என்று கீழே. பயணப்படி அவர் கையில், அன்றைய கூலி போகிறது என்றால் அதுவும். தலைவருக்குத் தனிக் கடிதம் உண்டு, அதில் ‘உடன் வருமாறு’. இந்த வரிசையை மாற்றச் சொல்லி எனக்கு வந்த அழைப்புகள் பல. ஓர் அமைப்பு வரவே போவதில்லை என்று சொல்லிவிட்டது. அவர்கள் தலைவரின் மகன் என் பள்ளித் தோழன், இப்போது கடைக்கும் வருவதில்லை. அண்ணன் மட்டும் கடிதத்தைப் படித்துவிட்டு, “மருமகளுக்குத் துணையாக நான் வருகிறேன், சரிதானே?” என்றார். குரலில் கொஞ்சம் குத்தல் இருந்தது. வருகிறார் என்பது போதும்.

அமர்வுகள் நாலாகச் சுருங்கின. சனி மாலை முழுவதும் கேலரிதான். அசலைப் போனிலிருந்து பென்டிரைவுக்கு எடுப்பது, தேதி வைத்து அடைவு (ஃபோல்டர்) போடுவது, ஆவணமாக அனுப்புவது, ஹாஷ் எடுத்து ஒரு நோட்டில் எழுதி வைப்பது. ஆம், நோட்டில், பேனாவால். ஞாயிறு காலை குழுக்கள்: யார் நிர்வாகி, யார் வெளியே போனால் என்ன ஆகும், போன் பிடுங்கப்பட்டால் யார் யாருக்குச் சொல்வது. இதில் தலைவரும் தட்டச்சு செய்கிறவரும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். அண்ணனின் வாதத்துக்கு நான் கொடுத்த இடம் இது. பிறகு எழுத்துரு. மதியத்துக்கு மேல் காகிதத்தில் ஒரு தொலைபேசிச் சங்கிலி போடுகிறோம். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தியதை யாரும் மறக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரரின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. செயற்கை நுண்ணறிவு போய்விட்டது. கோவை நண்பருக்கு வருத்தம்தான். மலையாள உத்தரவைக் கேமராவில் படிக்கும் வித்தையை மேட் அக்கா கால் மணி நேரம் செய்து காட்டுவார், அதை அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். என் பங்குக்கு, டிடிபி கடையில் நீங்கள் அனுப்பும் ஆதார் படி எங்கே போய்த் தங்குகிறது என்பதைச் சொல்லப்போகிறேன். என் கணினியில் பதிவிறக்க அடைவை ஷட்டர் இறக்குமுன் காலி செய்கிறேன். மற்ற கடைகளில் என்ன நடக்கிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்டால்தான் தெரியும், யாரும் கேட்பதில்லை.

தீராமல் இருப்பது ஒன்று. கூடுகையைப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார் அண்ணன். செய்தி வந்தால்தான் அடுத்த முறை இடம் தருகிறவர்களும் பணம் தருகிறவர்களும் மதிப்பார்கள், அதுவும் உண்மை. தான் படத்தில் வரக் கூடாது என்கிறார் மேட் அக்கா. வார்டில் யாராவது பார்த்து, இவள் எதற்கு அங்கே போனாள் என்று கேட்டால், அடுத்த பட்டியலில் மேட் வேலை வேறு யாருக்காவது போய்விடும். தலைவர்கள் மட்டும் நிற்கும் படம் எடுப்பதற்கு ஒரு கூடுகை எதற்கு என்று நூலகர் கேட்டார். புதன்கிழமை மறுபடியும் கூடிப் பேசுகிறோம். இதற்கிடையில், வீட்டில் 64 ஜிபி பென்டிரைவும் போனில் செருகும் ஓடிஜி இணைப்பியும் சும்மா கிடந்தால் கடையில் கொடுங்கள். ஜங்ஷன் பாக்ஸும் வேண்டும், மூன்று முனைக்கு மேல் உள்ளதாக. பெயரை ஒட்டிக் கொடுத்தால் ஞாயிறு மாலையே திருப்பித் தந்துவிடுவேன்.